டிரம்ஸ் இல்லாத பாட்டில் டிரம்மர் வேலை

எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஹிட் பாட்டு பதிவானது 1954 ஜூலை 5 அன்று. இடம் மெம்பிஸ் நகரம், 706 யூனியன் அவென்யூ, சாம் பிலிப்ஸ் நடத்திய சின்ன ஸ்டூடியோ. எல்விஸ் கையில் சாதா கிடார், ஸ்காட்டி மூரிடம் எலெக்ட்ரிக் கிடார், பில் பிளாக்கிடம் வயலின் குடும்பத்தைச் சேர்ந்த ஆளுயர பாஸ். அறையில் டிரம்ஸ் கிடையாது. ஆனாலும் அந்தப் பதிவைக் கேட்டால் கால் சும்மா இருக்காது. பில் பிளாக்கின் வலது கைதான் காரணம். தந்தியை இழுத்து விடுவார், உடனே தந்திகளுக்கு அடியில் நீளும் ஃபிங்கர்போர்டு பலகையில் ஓர் அறை. ஸ்லாப் என்று இதற்குப் பெயர். சுருதி, தாளம் இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வரும்.

வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபின், சென்னையிலிருந்து யார் வந்தாலும் அந்த ஸ்டூடியோவைச் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பாகிவிட்டது. வழிகாட்டி சொல்லும் கதை மனப்பாடமே ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தத்தை நானே எழுப்பிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. வயது ஐம்பத்திரண்டு. சங்கீதப் பின்னணி என்று பார்த்தால் பள்ளியில் கொஞ்ச நாள் மிருதங்கம். ஆதி தாளம் கைக்கு வருவதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்துவிட்டது. இப்போது ஒரு சின்னக் குழுவோடு அவ்வப்போது மேடையேறுகிறேன். நடுவில் கற்றுக்கொண்டதில் உபயோகமானவற்றை, இதே ஆசை உள்ள யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு பாஸ் என்றால் இளையராஜா பாட்டுகளின் பாஸ் கிடார்தான் முதலில் நினைவுக்கு வரும். அது பாடுகிற பாஸ். ராக்கபில்லியில், அதாவது ஐம்பதுகளின் துள்ளலான ராக் அண்ட் ரோல் பாணியில், பாஸ் அடிக்கிற வாத்தியம். வயதானபின் கற்பவர்களுக்கு இது பெரிய வசதி என்பது என் கட்சி. பெரும்பாலான பாட்டுகளில் மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), பன்னிரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி). திரும்பத் திரும்ப அதேதான். ராகம், ஆலாபனை என்று இருபது வருட சாதகம் கேட்கிற சமாசாரம் இல்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான், தாளம் நகரக்கூடாது. ஒரு ஸ்வரம் பிசகினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாளம் பிசகினால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் நின்றுவிடுவார்கள், அப்புறம் எல்லாக் கண்களும் பாஸ் பக்கம்தான்.

முன்னுதாரணமும் இருக்கிறது. ஜானி கேஷின் ஆரம்பகால பாஸ்காரர் மார்ஷல் கிராண்ட் இதே மெம்பிஸில் கார் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்குத் தெரிந்தது கிடார்தான். குழுவில் இருந்த மூன்று பேரும் கிடாரையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குழு தேறாது என்று அவர் பாஸுக்கு மாறினார், வாசித்துக்கொண்டே கற்றார்.

ஸ்லாப் இவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் குழுக்களில் கறுப்பினக் கலைஞர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறைந்து வாசித்தார்கள்; பாப்ஸ் ஃபாஸ்டர் அவர்களில் பெரிய பெயர். டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும் இடத்தில், மைக் இல்லாத காலத்தில், பாஸ் காதில் விழ வேண்டுமானால் வேறு வழியில்லை. அங்கிருந்து அமெரிக்க கன்ட்ரி இசைக் குழுக்களுக்குப் போய், ஐம்பதுகளில் ராக்கபில்லியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிறகு எலெக்ட்ரிக் பாஸ் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. எண்பதுகளில் ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் லீ ராக்கர் மறுபடி இளைஞர்கள் கண்ணில் படவைத்தார். அவருடைய அப்பா நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் முதன்மை கிளாரினெட் கலைஞர். வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

சரி, வாத்தியத்துக்கு வருவோம்.

முதலில் வாடகைக்கு எடுங்கள். வயலின் குடும்ப வாத்தியங்கள் விற்கும் கடைகள் பலவற்றில் மாத வாடகைக்குக் கிடைக்கும். முக்கால் அளவு என்று சொல்வதுதான் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. பெயரைப் பார்த்து சிறுவர்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். நிமிர்த்தினால் ஆறடி. தந்தியின் நீளம் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். பாஸ் கிடாரில் அது 86தான். இந்த வித்தியாசத்தை முதல் வாரமே உங்கள் இடது கை சொல்லிவிடும்.

வாங்குவதானால் ப்ளைவுட் உடம்பு உள்ளதையே வாங்குங்கள். ப்ளைவுட் என்றால் மட்டம் என்ற எண்ணம் இந்த உலகத்தில் செல்லாது. சிகாகோவில் கே நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலிருந்து செய்துதள்ளிய ப்ளைவுட் பாஸ்களை இன்றும் ஆட்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பில் பிளாக்கின் பாஸ் இப்போது பால் மெக்கார்ட்னியிடம் இருக்கிறது. முழு மரத்தில் செதுக்கிய பாஸ் மிக இனிமையாக ஒலிக்கும், ஆனால் மெம்பிஸ் கோடையின் புழுக்கத்திலும் குளிர்கால ஹீட்டர் காற்றிலும் மரம் உப்பிச் சுருங்கி விரிசல் விடும். ப்ளைவுட் அடியும் தாங்கும், பருவமும் தாங்கும். ஆம்ப் (ஒலிபெருக்கி) போடும்போது ஊளையிடுவதும் குறைவு.

நான் இணையத்தில் பார்த்து ஒரு பழைய பாஸ் வாங்கினேன். விற்றவர் அனுப்பிய படங்களில் குறையே தெரியவில்லை. வந்திறங்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. சவுண்ட் போஸ்ட். பாஸின் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு குச்சி நிற்கும். அதற்குப் பசை கிடையாது, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரையும் அப்படியே. அதனால் தந்தி மாற்றும்போது நாலையும் ஒரே நேரத்தில் தளர்த்தக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். குச்சியை நிறுத்த வாத்தியப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனபோது, உயரத்தை ஏற்றி இறக்கத் திருகுச் சக்கரம் வைத்த குதிரையும் போட்டுக்கொண்டேன். செலவு செய்ததில் மிகவும் திருப்தியானது அதுதான். பருவம் மாறும்போது தந்தியின் உயரமும் மாறும். சக்கரம் இருந்தால் நாமே சரிசெய்துகொள்ளலாம்.

உயரம் ஏன் முக்கியம் என்றால், ஜாஸ்காரர்கள் தந்தியைத் தாழ்வாக வைப்பார்கள், விரல் வேகமாக ஓடும். ஸ்லாப்புக்கு விரல் தந்திக்கு அடியில் கொக்கி போல நுழைய வேண்டும், அதற்கு இடம் வேண்டும். என்னுடையதில் ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் ஜி தந்தி சுமார் 8 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் என் இடது கை ஒத்துழைக்க மறுக்கிறது.

தந்தி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் புதிதாக வரும் பாஸில் பெரும்பாலும் ஸ்டீல் தந்திதான் இருக்கும். அதை இழுத்து அறைந்தால் விரல் கிழியும், சத்தமும் கூர்மையாக வரும். பழைய பதிவுகளில் கேட்கிற 'தொம்' என்ற ஒலி குடல் தந்தியுடையது. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்வது. இதைக் கேட்டதும் என் மனைவி, "என்னங்க, அதைப் பூஜை ரூம் பக்கம் மட்டும் கொண்டுவராதீங்க" என்றாள். விலையும் அதிகம், பருவத்துக்குப் பருவம் சுருதி ஓடும். நைலான் மாதிரி செயற்கைத் தந்திகளில் ஆரம்பிப்பது நல்லது: மெத்தென்று இருக்கும், இழுவிசை குறைவு. புல் வெட்டும் இயந்திரத்தின் பிளாஸ்டிக் கயிற்றையே பாஸில் கட்டி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே ஒலிக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தத் தந்திகள் பருமனானவை, மேல்முனையில் தந்தி உட்காரும் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

எனக்குச் சொல்லித்தந்தவர் இந்த ஊர் பார்களில் காலமெல்லாம் வாசித்த ஒரு பெரியவர். முதல் வகுப்பில், இடது கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பல வாரங்களுக்கு அது அங்கேயே இருந்தது. இந்தப் பாடத்தின் அருமை போகப் போகத்தான் புரிந்தது. பாஸின் நாலு தந்திகள் ஈ, ஏ, டி, ஜி. ஏ கட்டையில் ஒரு பன்னிரண்டு பார் பாட்டுக்கு வேண்டிய மூன்று கார்டுகளின் அடி ஸ்வரங்கள் ஏ, டி, ஈ. மூன்றுமே வெறும் தந்தி! ஏ நாலு பார், டி இரண்டு, மறுபடி ஏ இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, ஏ இரண்டு. இடது கை எதையும் தொடாமல் முழுப் பாட்டையும் வாசித்துவிடலாம். டி கட்டையிலும் அப்படித்தான்: டி, ஜி, ஏ. கவனம் முழுக்க வலது கைக்குப் போகிறது, இந்த வாத்தியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வலது கை என்ன செய்கிறது? ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, ஃபிங்கர்போர்டின் கீழ்ப்பகுதியில், தந்தியைப் பக்கவாட்டில் கொக்கி போட்டுப் பிடிக்கின்றன. விரல் நுனியால் இல்லை, முதல் கணுவுக்கு அருகே இருக்கிற சதையால். பலகையிலிருந்து தந்தியை வெளிப்பக்கம் இழுத்து விடுகிறீர்கள். அது திரும்பி வந்து பலகையில் மோதும்போது ஸ்வரமும் ஒரு 'டக்'கும் சேர்ந்து வரும். அப்புறம் கை விரிந்து தந்திகளின் மேல் விழ வேண்டும். அதுதான் அறை. இந்த இரண்டாவது பாதியில்தான் எல்லோரும் பலத்தைக் காட்டுவார்கள். பலம் வேண்டாம். கச்சேரி கேட்கும்போது தொடையில் தாளம் போடுகிறோமே, கை எவ்வளவு தளர்ந்து விழுகிறதோ அவ்வளவு போதும். சத்தத்தைக் கையின் எடை பார்த்துக்கொள்ளும். மணிக்கட்டை இறுக்கினால் ஒரு பாட்டு முடிவதற்குள் முன்கை கல்லாகிவிடும்.

முதல் பாடம்: ஒன்றிலும் மூன்றிலும் இழுப்பு, இரண்டிலும் நான்கிலும் அறை. பழைய கன்ட்ரி பாணிக்கு இதுவே போதும். அடுத்தது, நான்கு அடியிலும் இழுப்பு, ஒவ்வொரு இடைவெளியிலும் அறை. அந்த இடைவெளி சரிபாதியில் வராது, ஷஃபிள் என்பார்கள். பெரியவர் எவ்வளவோ பாடிக் காட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் 'தகிட தகிட' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பூட்டு திறந்துவிட்டது. திஸ்ர நடைதான், நடுவில் இருக்கும் 'கி' மட்டும் மௌனம். 'த'வில் இழுப்பு, 'ட'வில் அறை. மறுவகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டே வாசித்தேன். பெரியவர் சிரித்துவிட்டு, இனிமேல் பாட்டு ஆரம்பிக்க அதையே எண்ணிக்கையாகக் கொடு என்றார். மிருதங்கமோ தவிலோ கடமோ கொஞ்சம் தெரிந்தவர்கள் தைரியமாக இந்தக் குறுக்குவழியில் போகலாம்.

அதற்கப்புறம் இரட்டை அறை: ஓர் இழுப்பு, அடுத்த அடியில் இரண்டு அறை. முதல் அறை உள்ளங்கையின் மேல்பகுதியால், இரண்டாவது விரல்களால். குதிரை ஓடுகிற சத்தம் வரும், கூட்டத்துக்குப் பிடிக்கும். இந்த வகைகளுக்கான பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால், வீடியோ பார்த்துக் கற்பவர்கள் பெயரை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பது உத்தமம்.

தோலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு சுகர் இருக்கிறது. ஸ்லாப் கற்கும் எல்லோருக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வரும். இருபது வயதில் அதோடு விளையாடலாம். நம் வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, காயம் ஆற நாளாகும்; விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாமல் போகும். ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கொப்புளத்தை உடைக்காதீர்கள், வாசித்து முடித்ததும் கை கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், சிவந்தால் நிறுத்துங்கள் என்றார். அதையே கடைப்பிடிக்கிறேன்.

விளையாட்டு வீரர்கள் சுற்றும் வெள்ளைத் துணி டேப் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரம் துடைத்த விரலில், நடுக்கணுவுக்கும் மேல்கணுவுக்கும் இடையே இரண்டு சுற்று. கணுவின் மேலே சுற்றினால் விரல் மடங்காது. டேப்பின் முனை தந்தி உரசும் பக்கம் வரக்கூடாது, புறங்கைப் பக்கம் முடிய வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பாட்டில் பிரிந்து தந்தியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். குளித்த கையோடு வாசிக்க உட்காராதீர்கள். ஊறிய தோல் உடனே உரியும். ஆரம்பத்தில் பத்து நிமிடம் வாசித்து, பாஸைச் சாய்த்து வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு மறுபடி பத்து நிமிடம். காய்ப்பு ஏறியபின் நேரம் தானாக நீளும்.

நிற்கும் விதமும் முதுகு சம்பந்தப்பட்டது. அடியில் இருக்கும் கம்பியை, தந்திகளின் மேல்முனை உங்கள் புருவத்துக்கு நேராக வரும்வரை இழுத்து வையுங்கள். இடது கையை எடுத்துவிட்டாலும் பாஸ் இடுப்பில் சாய்ந்து சும்மா நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் இடது கட்டைவிரல் அதைத் தாங்கப் பார்க்கும். கட்டைவிரல் வலி அங்கேதான் ஆரம்பம்.

பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த இடது கைக்குச் சிறிய தொந்தரவு ஒன்று உண்டு: முதல் நிலையில் அது உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கவே முடியாது, புரோக்ரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் முயற்சியே செய்ய வேண்டாம். தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்து உடம்போடு சேரும் வளைவில் கட்டைவிரலை வைத்தால், பல பாஸ்களில் ஆள்காட்டி விரல் ஜி தந்தியில் டி ஸ்வரத்தின் மேல் இருக்கும். இது நம்பகமான அடையாளம். கீழ்நிலைகளில் மோதிர விரலைத் தனியாக உபயோகிப்பதில்லை. சுண்டு விரலுக்குத் துணையாகச் சேர்த்தே அழுத்துவார்கள். சிமாண்டல் முறை என்று பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, கைக்கு நல்லது. ஏ கட்டையில் ஏ, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப் என்று ஏறி இறங்கும் ஒரு நடையைக் கற்றுக்கொண்டால் பாதி ராக்கபில்லி கையில் இருக்கிறது.

வேகத்தைவிட நீடிப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தப் பாட்டுகள் நிமிடத்துக்கு இருநூறு அடி வேகத்தில் சாதாரணமாக ஓடும், அரை நிமிடம் யாராலும் வாசிக்க முடியும். மூன்றாவது நிமிடம்தான் கை பூட்டிக்கொள்ளும். அதனால் 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, நிறுத்தாமல் ஐந்து நிமிடம் வாசித்துப் பழகினேன். மெட்ரோனோமின் 'டிக்'கை முதல் அடியாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டாம், நான்காம் அடியாகக் கேளுங்கள். முதலில் தலை சுற்றும். பழகியபின் வேறு மாதிரி வாசிக்கத் தோன்றாது. பாஸின் அடியில் யோகா பாயை மடித்துப் போடுங்கள். ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்காரர் கட்டில்வரை போகும்.

வெளியே போய் வாசிக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். ஜாம், அதாவது வந்தவர்கள் சேர்ந்து வாசிக்கும் கூட்டம், நடக்கும் இடங்களில் பாஸ்காரருக்கு எப்போதும் பஞ்சம், கிடார்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வெறும் தந்தியில் மூன்று பாட்டு தெரிந்தபோதே நான் போனேன், யாரும் துரத்தவில்லை. பாட்டுக்கு முன் கட்டை என்ன என்று கேளுங்கள். கிடார்காரரின் இடது கையைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். முடிவு வரும்போது பாடுகிறவர் காலைத் தூக்குவார் அல்லது கிடாரின் கழுத்தைத் தாழ்த்துவார். அதைத் தவறவிட்டால் நீங்கள் மட்டும் தனியாக அறைந்துகொண்டிருப்பீர்கள். யாராவது பி ஃபிளாட் என்றால் வெறும் தந்தி உதவாது, அந்தப் பாட்டுக்கு அறையைக் குறைத்து ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

சின்ன அறையில் ஆம்ப் தேவையில்லை. டிரம்ஸ் சேர்ந்துவிட்டால் தேவை. குதிரையில் ஒட்டும் பிக்கப் (அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் சிறு கருவி) ஸ்வரத்தை எடுக்கும், அறையை அவ்வளவாக எடுக்காது. அதற்கு ஃபிங்கர்போர்டின் முனையில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சத்தக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஊளையிட்டால் ஆம்ப் பக்கம் பாஸின் முகத்தைக் காட்டாமல் நில்லுங்கள், எஃப் வடிவத் துளைகளில் ஸ்பாஞ்சை அடையுங்கள். காரில் கொண்டுபோக, முன் சீட்டைப் படுக்கவைத்து, தலைப்பக்கம் பின்னால் போகும்படி படுக்க வைக்கிறேன். மனைவிக்குப் பின்சீட்டுதான். இதைப் பற்றிய அவளது கருத்துகளை இங்கே எழுதப்போவதில்லை.

மும்முறை அறை, அதாவது ஓர் இழுப்புக்கு மூன்று அறை, இன்னும் எனக்கு மெதுவான பாட்டில்தான் வருகிறது. வேகமான பாட்டில் அதை விட்டுவிட்டு ஒற்றை அறைக்கே இறங்கிவிடுவேன். கிடார்காரர் குறை சொன்னதில்லை, ஆடுகிறவர்களும் நிறுத்தியதில்லை. இப்போதைய யோசனை ஜி, டி இரண்டுக்கு மட்டும் குடல் தந்தி போட்டுப் பார்ப்பது. பூஜை அறைக்கும் பாஸ் நிற்கும் மூலைக்கும் நடுவில் ஹால் இருக்கிறது, அதனால் வீட்டில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.